கொங்கு நாட்டுப் பந்தய வரலாறு – 9: பாரம் வைக்கும் கலை

சென்ற பகுதியில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் மோட்டார் பந்தயக் களமாக மாறிய வரலாறும், அங்கே கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் கார்கள் பெற்ற இடமும் சொல்லப்பட்டன. எஞ்சின், சட்டகம், ஓட்டுநரின் துணிவு ஆகியவற்றுக்குப் பந்தய வரலாறுகளில் கிடைக்கும் இடம் எடைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் எஞ்சின் தரும் ஆற்றல் தரையைச் சென்றடைவதும், வளைவில் கார் தடம் பிறழாமல் திரும்புவதும், நேர்ப்பாதையில் மூக்கு விலகாமல் ஓடுவதும் அந்தக் காரின் எடை எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன. ஆகவே இப்பகுதி எடையின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறது.

பந்தயக் காரில் வேண்டுமென்றே ஏற்றி வைக்கப்படும் கூடுதல் எடையைப் பட்டறைகளில் ‘பாலஸ்ட்’ என்பர். அது இங்கே நிலைப்பாரம் எனக் குறிக்கப்படும். வேகத்துக்காகக் கட்டப்படும் வண்டியில் எடையைக் குறைப்பதுதானே முறை, கூட்டுவது எதற்கு என்ற வினா இயல்பாக எழக்கூடியது. அதற்கான விடையைக் கொங்கு நாட்டு உழவர்கள் மோட்டார் காருக்கு வெகுகாலம் முன்பே தங்கள் வண்டிகளில் கண்டிருந்தனர்.

முன்பாரமும் பின்பாரமும்

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் நடைபெறும் ரேக்ளாப் பந்தயம், வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு முந்தச் செய்யும் பந்தயமன்று. 200 மீட்டர், 300 மீட்டர் எனத் தொலைவு வகுக்கப்பட்டு, காளைகளின் வயதுக்கேற்பப் பிரிவுகள் அமைக்கப்பட்டு, ஒவ்வொரு வண்டியும் தனித்து ஓடவிடப்பட்டு, அது எடுத்துக்கொண்ட நொடிகளே கணக்கிடப்படுகின்றன. நேர்ப்பாதையில் ஒற்றை வண்டி கடிகாரத்தோடு போட்டியிடும் இம்முறையைத்தான் மேலைநாட்டார் உப்புப் பாலைகளில் தரைவேகப் பந்தயம் என நடத்துகின்றனர். 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தடைப்பட்டு, 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தால் மீண்டும் இடம்பெற்று, 2023-இல் உச்ச நீதிமன்றத்தால் அத்திருத்தம் உறுதிசெய்யப்பட்ட நிலையில், காங்கேயம் இனக் காளைகளின் பெருமையோடு இப்பந்தயம் இன்றும் தொடர்கிறது.

இரு சக்கர வண்டியின் எடை முழுவதும் அச்சின்மேல் சரியாக நிற்க முடியாது. அச்சுக்கு முன்னே விழும் எடை நுகத்தடியை அழுத்தும், பின்னே விழும் எடை நுகத்தடியைத் தூக்கும். முன்பாரம் மிகுந்தால் காளைகளின் கழுத்து நசுங்கி நடை தளர்கிறது. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டுக்கயிறு தொண்டையை இழுக்கிறது. ரேக்ளா வண்டி மிக இலகுவானது என்பதால், அதில் ஓட்டுபவரின் உடலே பெரிய பாரமாகிறது. அவர் ஒரு சாண் முன்னே சாய்ந்தாலும் பின்னே சரிந்தாலும் நுகத்தின்மேல் விழும் சுமை மாறிவிடுகிறது. எடை மாறாதிருக்க, அது இருக்கும் இடம் மட்டும் மாறி வேகத்தை மாற்றும் என்ற உண்மை, பந்தயக் காரின் நிலைப்பாரத்துக்கும் அடிப்படையாகும்.

எடையைச் சேர்த்துப் போட்டியைச் சமப்படுத்தும் வழக்கமும் கொங்கு நாட்டுக்குத் தொலைவில் இல்லை. சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் கோடைதோறும் உதகமண்டலத்தில் நடத்திவந்த பந்தயங்களில், திறன்மிக்க குதிரைக்குக் கூடுதல் எடை விதிக்கப்பட்டு, குதிரையோட்டியின் உடல் எடை அதற்குக் குறைந்தால் ஈயத் தகடுகள் சேணத்தோடு சேர்க்கப்படும் முறை இருந்தது. உலகின் கார் பந்தயங்கள் சிலவற்றில் வெற்றி பெற்ற காருக்கு அடுத்த ஓட்டத்தில் எடை கூட்டும் விதி இதே சிந்தனையிலிருந்து பிறந்ததாகும்.

சுழலும் எடையைச் சமன்செய்த நகரம்

1888-இல் ஸ்டேன்ஸ் குழுமத்தின் நூற்பாலையோடு தொடங்கிய கோயம்புத்தூரின் ஆலைத் தொழில், 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் விரைந்து பெருகியது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இணைந்து இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தனர். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு வேளாண்மைக்குப் பம்புசெட்டுகள் தேவைப்பட்டன. அவற்றுக்காக வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் பெருகின. நூற்பாலையின் கதிர், மோட்டாரின் ரோட்டர், பம்பின் இம்பெல்லர் ஆகிய மூன்றும் வேகமாகச் சுழல்பவை. சுழலும் பொருளில் எடை ஒருபுறம் கூடியிருந்தால் அது அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஆகவே எடையைச் சமன்செய்யும் வேலை இந்நகரத்தின் அன்றாடத் தொழிலாயிற்று.

அவ்வேலையின் மிக எளிய வடிவம் இரண்டு கூரிய தண்டவாளங்களைக் கொண்டது. மட்டம் பார்த்து நிறுத்தப்பட்ட அவ்விரண்டின்மேல் இம்பெல்லரைத் தண்டோடு வைத்து மெல்ல உருட்டிவிட்டால், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, அங்கே சிறிது உலோகத்தைத் தேய்த்து எடுத்து மீண்டும் உருட்டுவர். எந்தப் பக்கமும் கீழே வர முந்தாமல் எங்கு விட்டாலும் நிற்கும் நிலை வந்தபின்பே அது பம்புக்குள் செல்லும். அலுமினியம் வார்த்த ரோட்டரிலோ தேய்ப்பதற்குப் பதிலாக, முனை வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைகளில் வாஷர்களைப் பொருத்தி எடை சேர்ப்பதும் உண்டு. எடையை நீக்கிச் சமன்செய்தல், எடையைச் சேர்த்துச் சமன்செய்தல் என்னும் இரு வழிகளும் இவ்வாறு ஒரே கூரையின்கீழ்ப் பழகப்பட்டவை.

கார் சக்கரத்தில் இந்தக் கணக்கு எத்துணைக் கடுமையானது என்பதை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். 13 அங்குல ரிம் கொண்ட ஒரு சக்கரத்தின் விளிம்பில் 20 கிராம் எடை மிகுந்திருப்பதாகக் கொண்டால், மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் அச்சை இழுக்கும். அவ்விசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், 240 கி.மீ. வேகத்தில் அது 20 கிலோகிராமுக்கு ஒப்பாகிவிடும். ரிம்மில் ஒட்டப்படும் ஒரு சிறு ஈயத்துண்டு இத்தனை பெரிய விசையை அடக்குகிறது.

கரிவர்தனும் ஒற்றை இருக்கைக் கார்களும்

ஆலைத் தொழில் மரபிலிருந்து வந்த எஸ்.கரிவர்தன், இந்தியப் பந்தயத்தின் போக்கை மாற்றியவர். 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்ட ஒற்றை இருக்கைக் கார் ஆகும். வெளிநாட்டுக் கார்களை வாங்கும் வசதி படைத்த சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்த பந்தயம், அதன் வரவால் திறமையுள்ள இளைஞர்கள் பலருக்கும் எட்டியது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் இவ்வகைக் காரில் தொடங்கியவரே.

எடை நோக்கில் பார்த்தால் அக்காரின் அமைப்பு கற்பிக்கும் பாடம் தெளிவானது. சாலையில் ஓடும் மாருதி 800-இல் எஞ்சின் முன்புறம் அமர்ந்து முன்சக்கரங்களையே இயக்குகிறது. அதே எஞ்சின் ஒற்றை இருக்கைக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே சென்று பின்சக்கரங்களை இயக்குகிறது. காரை முடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், இயக்கும் சக்கரங்கள் பின்னால் இருப்பது அவற்றின் பிடிமானத்தைக் கூட்டுகிறது. ஓட்டுநர் சாய்ந்து படுத்தாற்போல் அமர்வதால் காரின் எடைமையம், அதாவது மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்தது போலச் செயல்படும் இடம், தரையை நெருங்குகிறது.

எல்லோரும் ஒரே வகைக் காரை ஓட்டும் போட்டியில் எஞ்சின் சமமாகிவிட, ஓட்டுநரின் உடல் எடையே பெரிய வேறுபாடாக எஞ்சுகிறது. 55 கிலோகிராம் எடையுள்ள இளைஞருக்கும் 80 கிலோகிராம் எடையுள்ளவருக்கும் இடையிலான 25 கிலோகிராம், 500 கிலோகிராம் எடையுள்ள காரில் இருபதில் ஒரு பங்கு. காரையும் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை விதித்து, குறைபவருக்கு நிலைப்பாரம் ஏற்றும் முறை, திறமையைத் தவிர வேறெதுவும் வெற்றியைத் தீர்மானிக்கக் கூடாது என்ற நேர்மையின் விளைவாகும்.

உப்புத்தளம் கற்பித்த கணக்கு

நிலைப்பாரம் முழுமையாகத் தன் பயனைக் காட்டும் களம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்வில் உப்புத்தளமாகும். அங்கே ஓடுபாதை பல கிலோமீட்டர் நீள்வதால், மெல்ல வேகமெடுத்தாலும் இழப்பு குறைவு. ஆனால் உப்பின் பிடிமானம் தார்ச்சாலையைவிடக் குறைவு என்பதால், எஞ்சினின் ஆற்றல் சக்கரத்தை வீணே சுழலச் செய்துவிடும் ஆபத்து மிகுதி. 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரில் இயக்கும் சக்கரங்களின்மேல் 900 கிலோகிராம் விழுவதாகவும், சக்கரம் தன்மேல் விழும் எடையில் பாதியளவு விசையை மட்டுமே தரைக்குக் கடத்த முடியும் என்றும் கொள்வோமானால், மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் அக்கார் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 660 குதிரைத்திறனோடு நின்றுவிடும். ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் இருந்தாலும் மிஞ்சியது உப்பைக் கிளறவே உதவும். இயக்கும் அச்சின்மேல் 200 கிலோகிராம் ஈயத்தை ஏற்றினால் அந்த எல்லை ஏறத்தாழ 800 குதிரைத்திறனுக்கு உயர்கிறது. இறக்கைகளைப் பொருத்திக் காற்றால் காரை அழுத்தலாம் எனினும், அவை காற்றுத் தடையைக் கூட்டும். சட்டகத்துக்குள் அமர்ந்திருக்கும் ஈயமோ காற்றைத் தொடுவதே இல்லை.

இதற்கு மாற்றுவழியும் வரலாற்றில் உண்டு. 1935-இல் பான்வில்லில் மணிக்கு 484 கி.மீ. வேகத்தைக் கடந்த மால்கம் காம்ப்பெல்லின் புளூபேர்ட், பின்சக்கரங்களால் இயங்கிய, ஏறத்தாழ 5 டன் எடையுள்ள கார். பிடிமானத்துக்காக அதன் பின்புறச் சக்கரங்கள் இரட்டையாக அமைக்கப்பட்டன. 1947-இல் அதே தளத்தில் 634 கி.மீ. வேகம் கண்ட ஜான் காப்பின் ரெயில்டன் காரோ ஏறத்தாழ 3 டன் எடையே கொண்டது. ஆனால் அதன் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து நான்கு சக்கரங்களையும் இயக்கியதால், காரின் முழு எடையும் பிடிமானமாகப் பயன்பட்டது. 1965-இல் 658 கி.மீ. வேகம் எட்டிய கோல்டன்ராட் காரும் நான்கு சக்கரங்களாலும் இயங்கியதே. எடையைக் கூட்டியவர்களும், உள்ள எடை முழுவதையும் இயக்கும் சக்கரங்களுக்கு உரியதாக்கியவர்களும் ஒரே சிக்கலுக்கு விடை தேடியவர்கள்.

பிடிமானத்துக்கு அடுத்து நேர்த்தன்மை வருகிறது. காற்று காரின் பக்கவாட்டில் தள்ளும் விசை குவியும் புள்ளியைக் காற்றழுத்த மையம் என்பர். எடைமையம் அதற்கு முன்னே இருந்தால், கார் சற்றே திரும்பியதும் காற்று அதன் வாலைத் தள்ளி மீண்டும் நேராக்கும். பின்னே இருந்தால் காற்றே காரைச் சுழற்றிவிடும். எனவே நீண்ட உப்புத்தளக் கார்களில் வாலில் நிமிர்ந்த துடுப்பு வைக்கப்படுவதோடு, மூக்கில் ஈயமோ இரும்புத் தகடோ பொருத்தப்படுவதும் உண்டு. பிடிமானம் பின்னச்சில் எடை கேட்க, நேர்த்தன்மை மூக்கில் எடை கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அளவு காண்பதே தரைவேகக் கார் அமைப்பவரின் தலையாய வேலை.

நான்கு தராசுகளின்மேல் ஒரு கார்

வட்டப்பாதைப் பந்தயத்தில் இக்கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-இல் தொடங்கப்பட்டு, கரிவர்தனின் நினைவாகப் பெயரிடப்பட்டுள்ள 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பாதைகளில், கார் இடமும் வலமும் மாறி மாறித் திரும்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் விழும் எடை தனித்தனியே அளந்து திருத்தப்படுகிறது. பட்டறையில் இதனைக் கார்னர் வெயிட் பார்த்தல் என்பர்.

மட்டமான தரையில் நான்கு மின்னணுத் தராசுகள் வைக்கப்படுகின்றன. டயர்க் காற்றழுத்தம் சரிபார்க்கப்பட்டு, எரிபொருள் குறித்த அளவில் நிரப்பப்பட்டு, இருபுற சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஆன்ட்டி-ரோல் பார் கழற்றிவிடப்பட்டு, ஓட்டுநர் தலைக்கவசத்தோடு இருக்கையில் அமர்த்தப்பட்டபின் கார் தராசுகளின்மேல் ஏற்றப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 500 கிலோகிராம் மொத்த எடையில் முன் இடது 102, முன் வலது 98, பின் இடது 148, பின் வலது 152 எனத் தராசுகள் காட்டுவதாகக் கொள்ளலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் 250 வீதம் சமமாகவே உள்ளன. ஆயினும் முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 246, மற்ற மூலைவிட்டத்தைக் கூட்டினால் 254 வருகிறது. இந்தக் கார் ஒரு பக்கம் திரும்புவது போல் மறுபக்கம் திரும்பாது. பின் இடது ஸ்பிரிங்கின் தாங்கு வளையத்தைச் சிறிது மேலே திருகினால், அச்சக்கரமும் அதற்கு மூலைவிட்டத்தில் உள்ள முன் வலதும் கூடுதல் சுமை ஏற்க, மற்ற இரண்டும் இறங்கி, முன்னே 100, 100, பின்னே 150, 150 என்ற நிலை வருகிறது.

ஸ்பிரிங்கைத் திருகுவதால் மூலைவிட்டச் சமன் மட்டுமே மாறும். முன்பின் பங்கும் இடவலப் பங்கும் அணுவளவும் மாறா. அவற்றை மாற்ற எடையையே இடம்பெயர்க்க வேண்டும். 2.4 மீட்டர் அச்சிடைத் தொலைவுள்ள காரில் 10 கிலோகிராம் பாரத்தை மூக்கிலிருந்து 1.2 மீட்டர் பின்னே நகர்த்தினால், முன்னச்சில் 5 கிலோகிராம் குறைந்து பின்னச்சில் 5 கிலோகிராம் கூடும். பேட்டரியின் இடத்தை மாற்றுவதும், தீயணைப்பானை நகர்த்துவதும் இக்காரணத்தாலேயே; காரில் ஏற்கெனவே உள்ள பொருளைக் கொண்டு சமன் கண்டபின் எஞ்சும் குறைக்கே தனிப் பாரம் ஏற்றப்படுகிறது.

அப்பாரம் எந்த உலோகத்தால் ஆனது என்பதும் முக்கியம். 10 கிலோகிராம் இரும்பு ஏறத்தாழ 1.27 லிட்டர் இடத்தையும், ஈயம் 0.88 லிட்டரையும், டங்ஸ்டன் 0.52 லிட்டரையும் அடைக்கும். இடம் சுருங்கச் சுருங்கப் பாரத்தைத் தரையோடு தாழ்த்தி வைக்க முடிவதால் செல்வம் மிக்க அணிகள் டங்ஸ்டனை நாடுகின்றன. ஏனையவற்றுக்கு ஈயக்கட்டியும் இரும்புத் தகடும் போதும். எந்த உலோகமாயினும் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். ஏனெனில் காரின் வேகம் புவியீர்ப்பைப் போல் இருபது மடங்கு விசையோடு தடைபடும் மோதலில், 10 கிலோகிராம் கட்டி 200 கிலோகிராம் சுமையாக இழுத்துப் பிய்த்துக்கொண்டு பறக்கக்கூடும்.

உலக அரங்கில் எடை விதிகள்

நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக அறிமுகமான 2005-ஆம் ஆண்டிலேயே, எடை பற்றிய பெரும் வழக்கொன்று அவ்வரங்கில் எழுந்தது. அவரும் கலந்துகொண்ட சான் மரினோ பந்தயத்தின் முடிவில், பிஏஆர் அணியின் ஜென்சன் பட்டன் ஓட்டிய காரிலிருந்து எரிபொருளை முற்றிலும் வடித்து எடைபோட்டபோது, அது 600 கிலோகிராம் என்ற குறைந்தபட்ச அளவுக்கு 5 கிலோகிராமுக்கு மேல் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. எரிபொருளை நிலைப்பாரமாகக் கணக்கிட முடியாது என்று மேல்முறையீட்டு மன்றம் முடிவுசெய்து, அவ்வணியை அடுத்த இரண்டு பந்தயங்களிலிருந்து விலக்கியது. செலவழிந்து தீரும் பொருள் பாரமாகாது, நிலைத்து நிற்பதே பாரம் என்ற கோட்பாடு இதனால் வலுப்பெற்றது.

2011-இல் நரேன் கார்த்திகேயன் எச்ஆர்டி அணிக்காக மீண்டும் ஃபார்முலா ஒன் களத்துக்குத் திரும்பியபோது, விதி இன்னும் நுணுகியிருந்தது. மொத்த எடை 640 கிலோகிராமுக்குக் குறையக் கூடாது என்பதோடு, தகுதிச்சுற்றில் முன்சக்கரங்களின்மேல் 291 கிலோகிராமும் பின்சக்கரங்களின்மேல் 342 கிலோகிராமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. பாரத்தை முன்பின் நகர்த்த அணிகளுக்கு எஞ்சிய உரிமை 7 கிலோகிராம் மட்டுமே. 2019-இல், ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தபட்சம் 80 கிலோகிராம் இருக்க வேண்டும் என்றும், குறைவதை ஈடுசெய்யும் பாரம் இருக்கைப் பகுதியிலேயே வைக்கப்பட வேண்டும் என்றும் விதி வந்தபின், எடையைக் குறைக்க ஓட்டுநர்கள் பட்டினி கிடக்க வேண்டிய கட்டாயம் தணிந்தது. எடை விதி என்பது உடல்நலத்தைக் காக்கும் விதியாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

சாய்பலகை

இன்று கொங்கு நாட்டில் இக்கலை கற்கப்படும் முக்கிய இடம் பொறியியல் கல்லூரிகளாகும். நாடெங்குமுள்ள மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி, செட்டிபாளையம் பாதையில் நடத்தப்பட்டு வருகிறது. அங்கே ஒரு கார் ஓடுவதற்கு முன் கடக்க வேண்டிய தேர்வுகளுள் ஒன்று சாய்பலகைத் தேர்வு. அணியின் மிக உயரமான ஓட்டுநரை அமர்த்திக் காரை ஒரு பலகையின்மேல் ஏற்றி, பக்கவாட்டில் 60 பாகை வரை பலகையைச் சாய்ப்பர். நான்கு சக்கரங்களும் பலகையை விட்டு எழாதிருக்க வேண்டும், எண்ணெயோ எரிபொருளோ ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது. இடவலச் சக்கரங்களுக்கிடையே 1.2 மீட்டர் அகலமுள்ள கார் இத்தேர்வில் நிற்க வேண்டுமானால், அதன் எடைமையம் தரையிலிருந்து 35 சென்டிமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். கணினியில் வரைந்த கணக்கு மெய்யா பொய்யா என்பதைப் பலகை சில நொடிகளில் சொல்லிவிடுகிறது.

மாட்டுவண்டியின் முன்பாரம், பம்பு இம்பெல்லரின் கனத்த பக்கம், ஒற்றை இருக்கைக் காரின் மூலைவிட்டம், மாணவர் காரின் எடைமையம் ஆகிய நான்கும் ஒரே அறிவின் நான்கு நிலைகள். அவற்றுள் முதல் மூன்றும் கைப்பழக்கமாகவே பெரிதும் கைமாறியவை. அவிநாசி சாலையிலுள்ள ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்கள் பழைய கார்களைக் காத்துவருவது போற்றத்தக்கது. ஆயினும் பந்தயக் காரைப் பொறுத்தவரை உடலைக் காப்பது பாதி வேலையே. எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோகிராம், எந்த ஓட்டத்துக்கு எங்கே எவ்வளவு ஈயம் என்று மெக்கானிக்குகள் எழுதிவைத்த தாள்களும் குறிப்பேடுகளும் அக்காரோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டியவை. அவையின்றி, அந்தக் கார் ஏன் வென்றது என்பதை வருங்காலத் தலைமுறை அறிய வழியில்லை. கோவைப் பட்டறைகளில் அத்தகைய ஏடுகளை வைத்திருப்போர் அவற்றைக் கல்லூரி நூலகங்களிடம் ஒப்படைத்தால், ஒரு நகரத்தின் தொழில்நுட்ப வரலாறு முழுமை பெறும்.

அடுத்த பகுதி, சோழவரத்தின் காலம் முடிந்து இருங்காட்டுக்கோட்டையில் புதிய பாதை எழுந்ததையும், அதன்பின் செட்டிபாளையம் பாதையால் பந்தயம் கொங்கு மண்ணுக்கே வந்துசேர்ந்ததையும் ஆராயும்.